வாகனத்துக்கு முன்னால் நடந்தவன்

ஒரு தடவை, அமைச்சர் ஒருவரின் வாகனத்துக்கு முன்னால், கழுத்துப்பட்டியும் பொலிஷ் போட்ட சப்பாத்துமாகத் தப்பு மேளம் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எனக்குத் தப்பு அடிக்கத் தெரியாது. இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அன்று கேட்டவர்கள் அத்தனை பேரும் சாட்சி. யாரோ கைத்தொலைபேசியில் பிடித்த படமும் இருக்கிறது. என் மைத்துனர் குடும்ப விசேஷங்களில் பந்திக்கு முன் அதைப் போட்டுக் காட்டுவார். பார்த்தால் நன்றாகப் பசி எடுக்கிறதாம்.

நான் ஓய்வு பெற்ற கலாசார உத்தியோகத்தர். ஐம்பத்தைந்தில் வெளியே வந்துவிட்டேன். இன்னும் சில வருடம் இருக்கலாம் என்றது சட்டம். வேண்டாம் என்றது முழங்கால். போன மாதம், புதிதாக நியமனம் பெற்ற பிள்ளைகளுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். 'நவீன சமூகத்தில் கலையின் சுதந்திரமும் அதன் பங்கும்' என்று தலைப்பைக் கொடுத்து, தேநீருக்கு முன் முடித்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டிலிருந்த தடித்த புத்தகங்களையெல்லாம் இறக்கித் தூசி தட்டினேன். கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்று அவற்றில் பெரிய மனிதர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இரு தரப்பும் சரியாகவே பட்டது. எனக்கு எப்போதும் கடைசியாகப் படித்தவர்தான் சரி.

வகுப்பில் அதையெல்லாம் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சேர், அதெல்லாம் சரிங்க. ஒங்க சேர்விஸ்ல, கலை சுதந்திரமா இருந்து நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. ஆனால் அதற்குள் தேநீர் வந்துவிட்டது, ரோல்ஸும் வந்துவிட்டது. ரோல்ஸை எதிர்த்துப் பேசி வென்ற பேச்சாளர் இந்த நாட்டில் கிடையாது. ஆகவே அந்தப் பிள்ளைக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பெற்ற பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கலை என்றால் என்ன என்று ஒரு மத்தியானம் சொல்லித் தந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் நான் அதை முழுதாகக் கேட்கவில்லை. காற்றில் குத்துவிளக்கு ஏற்றுவது எப்படி என்பதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். திரியை எண்ணெயில் நனைத்து, நுனியைப் பிழிந்து, அதன்மேல் கற்பூரத்தைப் பொடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் அதிதி கை நீட்டியதும் பற்றும். நுவரெலியாப் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் என் விளக்கு ஒரு நாளும் அணைந்ததில்லை. என் கலைச் சேவையில் துணிந்து பெருமைப்படக்கூடிய பகுதி அதுதான்.

மிச்சப் பகுதி இப்படி. பிரதம அதிதி வரும்வரை சனத்தைக் கதிரையில் பிடித்து வைத்திருப்பது எதுவோ, அதற்கு எங்கள் அலுவலகத்தில் கலை என்று பெயர். அவர் பிந்தினால் நடனப் பிள்ளைகளிடம் போய், "இன்னும் வரல்லம்மா, இன்னொரு தரம் ஆடுங்க" என்பேன். முந்திவிட்டால் அதே பிள்ளைகளைப் பாதிப் பாட்டில் இறக்கிவிடுவேன். நல்ல நீளமான கவிதைகளை வாகனச் சத்தம் கேட்டதும் நடு வரியில் நிறுத்தியிருக்கிறேன். சிலவற்றை வாகனச் சத்தம் கேட்காமலும் நிறுத்தியிருக்கிறேன், அவற்றுக்காக வருத்தமில்லை.

இந்த வழக்கத்தில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்திராணி மேடம் எங்கள் பிரதேச செயலாளராக வந்தார். தென்பகுதிச் சிங்களப் பெண்மணி. தமிழை இங்கே வந்துதான் படித்தார், அதுவும் முறைப்பாட்டோடு வந்த தோட்டத்துப் பெண்களைக் கேட்டுக் கேட்டு. அதனால் கொழும்பிலிருந்து வரும் தமிழ் அதிகாரிகளுக்கு விளங்காத தமிழெல்லாம் அவருக்கு விளங்கியது.

எந்த விழாவானாலும் நிகழ்ச்சி நிரலை அவரிடம் காட்ட வேண்டும். அவர் உடனே வாசிக்க மாட்டார். முதலில் மேசை லாச்சியிலிருந்து பிளேட்டை எடுத்துப் பென்சிலைச் சீவுவார். சீவிய துகளைப் பழைய உறை ஒன்றுக்குள் போடுவார். பிறகு பென்சில் முனையை முதலாவது நிகழ்ச்சியின் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது யாருக்கு?"

கோபமாக அல்ல, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல. "மாலை அணிவித்தல்" என்றால், "அதிதிகளுக்கு மேடம்" என்பேன். பென்சில் கீழே இறங்கும். "வரவேற்பு நடனம்?" "சனத்துக்கு மேடம்." பென்சில் இறங்காது. நானும் அவரும் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரத்தில், "அதிதிகளுக்கு மேடம்" என்று நானே திருத்துவேன். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னதும் பென்சில் நகரும். அதிதிகளுக்காக ஒன்று நடப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதைச் சனத்துக்கு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். இத்தனை சின்ன நேர்மை எத்தனை பெரிய இடைஞ்சல் என்பதை, அரச அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

அவர் காலத்தில் கந்தப்பளைப் பக்கம் கலாசார மண்டபம் ஒன்று கட்டி முடித்தோம். திறந்து வைக்க அமைச்சர் வருகிறார். எந்த அமைச்சர், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் கதை. வழக்கம்போல் முதலாவது நிகழ்ச்சி: பிரதான வீதியிலிருந்து தப்பிசையுடன் அதிதிகளை அழைத்து வருதல். வழக்கம்போல் டயகம ராக்கப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ராக்கப்பன் தோட்டத்தில் தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு வேலை பார்ப்பவர். ஆறு பேர் கொண்ட தப்புக் குழுவுக்குத் தலைவர். அடக்கம் என்பது அவர் பக்கமே போனதில்லை. மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். தான் அடித்ததைத் தானே பதிவு செய்து, காலையில் எழும்புவதற்குள் ஊருக்கெல்லாம் தொலைபேசியில் அனுப்பிவிடுவார். அலுவலகத்துக்கு வந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அய்யா, கூட்டிட்டு வர்றதுக்கு எங்கள கூப்பிடாதீங்க."

"ஏன், வேற எடத்துல ஒத்துக்கிட்டீங்களா?"

"இல்லங்க. இனிமே நாங்க வாகனத்துக்கு முன்னால நடக்குறதில்ல. ஆறு பேரும் பேசி முடிவெடுத்துட்டோம்."

"என்னங்க இது! தேருக்கு முன்னால நடக்குறீங்க. சாவு வீட்டுக்கு நடக்குறீங்க."

"சாமிக்கு முன்னால நடப்போம். பொணத்துக்கு முன்னால நடப்போம். ரெண்டும் பின்னால நின்னு ஹாரன் அடிக்காதுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஏரியாவுல தொறந்த எல்லா ஹோலுக்கும் வாசல் வரைக்கும் நாங்கதான் அடிச்சிட்டு வந்தோம். வாசல்ல வந்ததும் பெரிய ஆளுங்க உள்ள போவாங்க, எங்க கையில சோத்துப் பார்சலக் குடுத்து பஸ்ஸுக்கு அனுப்பிருவீங்க. உள்ளுக்கு எப்படி இருக்கும்னு ஒங்ககிட்டதான் கேக்கணும். சனம் ஒக்காந்து, பேச்ச நிறுத்திட்டு, எங்க அடியக் கேட்டு நான் பாத்ததே இல்லங்க. ஒரு தரம் மேடையில குடுங்க. ஆறு பேரையும் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. அப்புறம் பாருங்க, அந்த ஹோல் கண்ணாடி அத்தனையும் அதிரும்!"

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் காம்பராவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து மரியாதையை அளக்கிற ஊர் இது. அந்த அளவில் தப்புக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே லயத்திலிருந்து படித்து வந்தவன்தான். அப்படியிருந்தும், அவர்களுக்கு மேடையில் ஓர் இடம் உண்டு என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. நிரலின் ஒன்பதாவது இடத்தில் 'தப்பிசை' என்று சேர்த்து எழுதினேன். முதலாவதை எடுக்கப் பயந்து, அதையும் அப்படியே விட்டுவைத்தேன்.

மேடம் பென்சிலைச் சீவினார். "ஒண்ணு. இது யாருக்கு?"

"அமைச்சருக்கு மேடம்."

"அடிக்கிறவங்களுக்குச் சம்மதமா?"

"இல்ல மேடம்."

ஒரே கோடு. முதலாவது போய்விட்டது. பென்சில் நேரே கடைசிக்கு இறங்கியது. "ஒம்பது. இது யாருக்கு?"

இதற்கு எனக்கு மனப்பாடமான பதில் இல்லை. "அடிக்கிறவங்களுக்கும் கேக்கிறவங்களுக்கும் மேடம்" என்றேன்.

"அமைச்சருக்கு இல்லையா?"

"அவரும் ஒக்காந்து கேட்டா, அவருக்கும்."

மேடம் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஹரி, சிவஞானம். இது இருக்கட்டும்."

விழா நாளன்று அமைச்சர் நேரத்துக்கு வந்துவிட்டார். இது யாரும் எதிர்பார்த்திராத பேரிடர். மேடம் மண்டபத்துக்குள் நிற்கிறார். ராக்கப்பன் குழு மண்டபத்தின் பின்புறம், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் போட்டு நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. தப்பின் தோல் சூட்டில் விறைத்தால்தான் பேசும். எங்கள் குளிரில் சீக்கிரமே தொங்கிவிடும். நான் பிரதான வீதியில் வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அமைச்சரின் இணைப்புச் செயலாளர், எல்லாவற்றையும் அவசரமாகவே சொல்லும் ஒரு தம்பி, இறங்கி வந்தார்.

"சேர், தப்பு எங்க?"

"அது மேடைக்குங்க. ஒன்பதாவது நிகழ்ச்சி."

"முன்னுக்குத் தப்பு இல்லாம அமைச்சர் வந்து எறங்கினதே இல்ல. இப்ப அவங்கள இங்க வரச் சொல்லுங்க. இல்லாட்டி ஒன்பதும் இல்ல, பத்தும் இல்ல. ரிப்பன வெட்டிட்டு நேரா போயிருவோம். அப்புறம் ஒங்க நிகழ்ச்சிய யாருக்கு வைக்கப்போறீங்க?"

பின்புறம் ஓடினேன். ராக்கப்பன் தப்பை நெருப்புக்கு முன் திருப்பித் திருப்பிப் பிடித்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே, "நடக்க மாட்டோமுங்க" என்றார்.

வாதாட நேரமில்லை. சுவரில் ஒரு தப்பு சாத்தியிருந்தது. குச்சி இரண்டும் அதன்மேல் இருந்தன. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். தியாகம் அல்லது வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். இணைப்புச் செயலாளருக்குக் கேட்க ஏதாவது ஒரு சத்தம் வேண்டும், ஒன்பதாவது நிகழ்ச்சி தப்ப வேண்டும், அதற்கு ஒரு முட்டாள் போதும் என்று தோன்றியது. அக்கம்பக்கத்தில் கைவசம் இருந்தவன் நான்தான்.

வாகனத்துக்கு முன்னால் போய் நின்று அடிக்க ஆரம்பித்தேன். முதலில் வந்தது எந்த ஊர் அடியும் இல்லை. பிறகு கை தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் எங்கள் லயம், மயானத்துக்குப் போகும் பாதையோரம் இருந்தது. அந்த வழியாகப் போன தப்பைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் நான் அடிப்பது சாவு அடி என்று என் காதுக்கு உறைத்தது. மாற்றலாம் என்றால், எனக்கு வேறு அடி தெரியாது. நிறுத்தலாம் என்றால், பின்னால் ஹாரன்.

கடைவீதி அதற்குரிய மரியாதையைச் செய்தது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். ஆட்டோக்கள் ஓரம் கட்டின. பெரியவர் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூக்கடைக்காரம்மா ஒரு கை செவ்வந்தியை வாகனத்தின் முன்பக்கம் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"யாருங்க தவறுனது? நம்ம கருப்பையா மொதலாளியா?" என்று ஒரு பெண் கேட்பது காதில் விழுந்தது. கருப்பையா முதலாளி அந்த வீதியின் பழைய மளிகைக் கடைக்காரர். ஒரு மாதமாகக் கடைக்கு மேல்மாடியில் சுகமில்லாமல் படுத்திருந்தார்.

"தெரியலயே. பின்னால வர்ற வண்டியிலதான் வச்சிருக்காங்க போல" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அமைச்சர் கண்ணாடியை இறக்கி, கண் கலங்கி, இரண்டு பக்கமும் கைகூப்பிக்கொண்டே வந்தார். இவ்வளவு அமைதியான, ஆழமான வரவேற்பைத் தான் எந்த ஊரிலும் கண்டதில்லை என்று பிறகு மேடையிலும் சொன்னார்.

அந்த உணர்ச்சியில் பேச்சு நீண்டது. கலையை வளர்ப்போம் என்றார், வளர்த்தார், வளர்ந்துகொண்டே போனது. திறந்த கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. ஒருவழியாகப் பேச்சை முடித்து, கைகொடுத்து, அவர் வெளியேறினார். இணைப்புச் செயலாளர் மேடத்திடம் வந்தார்.

"மேடம், அமைச்சர் கெளம்பிட்டாரு. இதோட முடிச்சுக்குவோம்."

மேடம் கையிலிருந்த நிரலில் பென்சில் முனையை ஒன்பதில் வைத்து அவரிடம் காட்டினார். "தம்பி, இது யாருக்கு?"

"அது... அமைச்சருக்கு..."

"அவருக்கு இல்ல" என்றார் மேடம். ஒலிவாங்கியை எடுத்து ஆறு பேரின் பெயரையும், ஒவ்வொன்றாக, சிங்கள வாடையுள்ள தமிழில் வாசித்தார். ராக்கப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நடுவில் நின்று, விரலால் தப்பை ஒரு தட்டுத் தட்டினார். காதோரம் வைத்து இன்னொரு தட்டு. பிறகு என்னைப் பார்த்தார்.

"தோலு எறங்கிருச்சுங்க. பேச்சு முடியுறதுக்குள்ள குளுந்துபோச்சு. நெருப்பு வேணும்."

"மேடையிலயா? புதுத் திரைச்சீலைங்க!" என்றேன் கீழேயிருந்து. "அப்படியே அடிச்சிருங்க. ஒரு தரந்தானே? யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

அவ்வளவுதான் சொன்னார். மேடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்: விளக்கு, திரை, கீழே வரிசையாக உட்கார்ந்து பேச்சை நிறுத்தியிருந்த சனம். இத்தனை காலம் கேட்டது எல்லாம் அங்கே இருந்தது. அதை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார். ஐந்து பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். அமைச்சருக்காக எதையும் எந்தக் கணத்திலும் விட்டுக்கொடுத்தே பழகியவன் நான். ஒரு சத்தம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் தன் ஆசையையே விட்டுக்கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நாலைந்து படிகள்தான்.

மேடம் ஒலிவாங்கியை மறுபடி எடுத்தார். "ஒம்பதாவது நிகழ்ச்சி வெளியில நடக்கும். கதிரைய எடுத்துக்கிட்டு வாங்க."

சனம் கதிரையோடு கிளம்பியது. வாகனம் நிறுத்தும் முற்றத்தில் மறுபடி நெருப்பு. ஆறு தப்பும் அதைச் சுற்றி ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பின. காய்ச்சக் காய்ச்ச விரல் தட்டும் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. சனம் அதையே கச்சேரி போலக் கேட்டது. பிறகு ராக்கப்பன் தலையசைத்தார்.

அதை எழுத எனக்குத் தெரியாது. முதல் அடியில், திறப்புப் பூசைக்கு வந்திருந்த பூசகரின் கையிலிருந்த தட்டு அதிர்ந்தது. மண்டபத்தின் கண்ணாடி நிஜமாகவே அதிர்ந்தது. வாய்வீச்சுக்காரர் என்று நான் நினைத்திருந்தவர், உள்ளதைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருந்தார். சாமி அடி போய்க் கல்யாண அடி வந்தது. அதிலிருந்து நான் பெயர் அறியாத ஒன்று. நடுவே, நான் வீதியில் கொலை செய்த அதே சாவு அடியையும் எடுத்தார். அவர் கையில் அது இறந்தவரை அல்ல, இருப்பவர்களைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. யாரும் பேசவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. கை தட்டினால் ஓர் அடி தவறிவிடும் என்று பயந்ததுபோல் இருந்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் அமைச்சர் நிற்பதைக் கண்டேன். அவர் போகவில்லை. அவரால் போக முடியவில்லை. வாகனம் நிற்கிறது, சாரதியைக் காணவில்லை. இணைப்புச் செயலாளர் அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தார். சாரதி முன்வரிசையில், நெருப்புக்கு அருகே, சாவியை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடியிருந்ததால் இணைப்புச் செயலாளரின் சைகை ஒன்றும் அவரை எட்டவில்லை. அமைச்சருக்கு முன்னால் எல்லோருடைய முதுகும். கதிரை கொடுக்க யாருக்கும் நினைப்பில்லை. கழுத்து மாலை காரில் கிடந்தது. முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் காலும் தரையில் தட்டத் தொடங்கியது, பெரும்பாலும் சரியான இடத்தில். என்னைவிட அவருக்குத் தாளம் கூட.

கலைக்குச் சுதந்திரம் என்றால் அதிகாரம் இல்லாத இடம் என்று புத்தகங்களிலிருந்து விளங்கி வைத்திருந்தேன். அதிகாரம் அங்கேயே நின்றது. அதன் வாகனமும் நின்றது. அந்த அடி தனக்காக அல்ல என்று தெரிந்தும் நின்று கேட்டது. நவீன சமூகத்தில் கலையின் பங்கு என்னவென்று யாராவது மறுபடி கேட்டால், சாரதியைக் கொஞ்ச நேரம் காணாமல் போகச் செய்வது என்று சொல்வேன்.

ராக்கப்பன் இன்றுவரை வாகனத்துக்கு முன்னால் நடக்கவில்லை. சில அலுவலகங்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. சில இடங்களில் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் நெருப்புக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்கிறார். அந்த நாளில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு, நான் வீதியில் அவமானப்பட்டதால்தானே ஒன்பதாவது நிகழ்ச்சி பிழைத்தது என்று சில நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

அந்த நெஞ்சோடுதான், அடுத்த வாரம் கருப்பையா முதலாளியைப் பார்க்க மாடிப்படி ஏறினேன். வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பைவிடத் தெளிவாகவே இருந்தார். அன்று தப்புச் சத்தம் கேட்டு, இரண்டு பேர் மாலையோடு படியேறி வந்துவிட்டார்களாம். அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினாராம்.

"ரோட்டுல அடிச்சிட்டுப் போனது நீங்கதானா தம்பி?"

"ஆமாங்க மொதலாளி."

"ஹோல் முத்தத்துல அடிச்சது?"

"அது டயகம ராக்கப்பன் குழுங்க. ஒங்களுக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ரெண்டும் கேட்டுச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உயில் சொல்வதுபோலச் சொன்னார்:

"எனக்குன்னு வர்ற அன்னிக்கு, அவங்களக் கூட்டிட்டு வாங்க தம்பி. நீங்க வெறுங்கையோட வந்தாப் போதும்."